கெர்னல் பிழைபட்டால்...

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தோன்றியது. அக்காலத்துப் பட்டறைகளில் லேத் ஓட்டியவர்கள், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நலத்தை அறிந்தனர். ஓசை சற்று மாறினால் போதும், கை தானாகவே மெயின் சுவிட்சை நாடிச் செல்லும். இன்று அதே பேட்டையில் கணிப்பொறியின் ஆணைப்படி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் பல உள்ளன. வெட்டும் கருவி எல்லையைத் தாண்டி நகர முற்பட்டாலோ, மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. திரையில் ஓர் எண் தோன்றுகிறது. பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வியே, "அலாரம் நம்பர் என்ன?" என்பதுதான்.

இங்கே இயந்திரம் இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. மேலும் கெடுதல் விளையாதபடி நின்றது முதல் வேலை. எதனால் நின்றது என்பதைச் சொன்னது இரண்டாம் வேலை. நம் மேசைமீதுள்ள கணிப்பொறியிலும், சட்டைப் பையிலுள்ள செல்பேசியிலும் இவ்விரு வேலைகளைச் செய்வதற்கென ஒரு பகுதி உண்டு. அதுவே இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னல். மற்ற நிரல்கள் பிழை செய்தால் தடுத்து நிறுத்தும் காவற்காரன் அது. அந்தக் காவற்காரனே தடுமாறி விழுந்தால் என்ன ஆகும்? அவனைத் தூக்கி நிறுத்துவது யார்? இக்கேள்விக்குரிய விடையை 2024ஆம் ஆண்டில் ஒரு நாள் உலகம் முழுவதும் கண்டது. அந்நாளில் சென்னையும் தப்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 10 மணியளவில், விண்டோஸ் இயக்க முறைமை கொண்ட கணிப்பொறிகள் பல நாடுகளில் திடீரென நீலத் திரையைக் காட்டி நின்றன. தாமே மீண்டும் இயங்கத் தொடங்கின. சில நொடிகளில் மறுபடியும் நீலத் திரை! இந்தியாவில் டில்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத், சென்னை ஆகிய நகரங்களின் விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தனர். அச்சிட வேண்டிய பயண அனுமதிச் சீட்டுகளை ஊழியர்கள் பேனாவால் எழுதிக் கொடுத்தனர். இண்டிகோ நிறுவனம் மட்டுமே ஏறத்தாழ 200 விமானங்களை இரத்துச் செய்தது. பிற நாடுகளில் மருத்துவமனைகளும், தொலைக்காட்சி நிலையங்களும், வங்கிகளும் இடருற்றன. நின்றுபோன கணிப்பொறிகள் சுமார் 85 இலட்சம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணிப்பொறிகளில் இது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. அந்த ஒரு பங்குக்குள்தான் இத்தனை விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் அடங்கியிருந்தன.

இஃது எதிரிகளின் சதி அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பே காரணம். அது 20க்கும் 21க்கும் இடையே நேர்ந்த ஓர் எண்ணிக்கைப் பிழை. அதனை விளங்கிக்கொள்ள, முதலில் கெர்னல் என்பது யாது, அது பிழைகளை எவ்வாறு கையாளுகிறது என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

சுவருக்கு உள்ளேயும் வெளியேயும்

ஒரு கணிப்பொறியில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான நிரல்கள் இயங்குகின்றன. அவை அனைத்திற்கும் மையச் செயலகத்தின் நேரத்தையும், நினைவகத்தின் இடத்தையும், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றையும் பங்கிட்டுத் தருவது கெர்னலின் கடமை. இப்பங்கீடு குலையாதிருக்க, செயலகமே இரண்டு நிலைகளில் இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. கெர்னலின் ஆணைகள் இயங்கும்போது எல்லா அதிகாரங்களும் உண்டு. சாதாரண நிரல்கள் இயங்கும்போது நினைவகத்தில் தமக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை மட்டுமே தொட முடியும். இது வெறும் ஒழுங்குமுறை விதி அன்று. செயலகத்தின் மின்சுற்றுகளாலேயே எழுப்பப்பட்ட சுவர்.

வீட்டின் மின்சார இணைப்பை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு. சமையலறையில் மின்கசிவு நேர்ந்தால் அவ்வறையின் ஃபியூஸ் மட்டும் போகும். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சாதாரண நிரல்கள் இவ்வாறு தனி ஃபியூஸ் உள்ள அறைகள். கெர்னலோ ஃபியூஸ்கள் அனைத்தும் பொருத்தப்பட்டிருக்கும் மெயின் பலகை.

ஒரு நிரல் தவறு செய்தால் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். நினைவகம் பொதுவாக 4096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த நிரலுக்கு எந்தப் பக்கம் உரியது என்னும் அட்டவணையைக் கெர்னல் வைத்திருக்கிறது. அட்டவணையில் இல்லாத பக்கத்தை ஒரு நிரல் தொட்டால், செயலகம் அந்த ஆணையை நிறைவேற்றாமல் அப்படியே நிறுத்திவிட்டுக் கெர்னலை அழைக்கிறது. இதற்குப் 'பக்கப் பிழை' என்று பெயர். பெயரில் பிழை இருந்தாலும் இது எப்போதும் குற்றம் ஆகாது. அந்தப் பக்கம் நிரலுக்கு உரியதுதான், இன்னும் வட்டிலிருந்து நினைவகத்திற்கு வந்து சேரவில்லை என்றால், கெர்னல் அதனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிரலைத் தொடரவிடும். உங்கள் கணிப்பொறியில் இது நாள்தோறும் பல்லாயிரம் முறை நடக்கிறது. நீங்கள் அறிவதே இல்லை. அந்தப் பக்கம் நிரலுக்கு உரியதே அன்று என்றால், கெர்னல் அந்த நிரலை முடித்துவிடுகிறது. ஒரு சன்னல் மறையும், மற்றவை இயங்கும்.

எண்ணால் சொல்லும் வழக்கம்

எல்லாத் தவறுகளும் இவ்வளவு கடுமையானவை அல்ல. திறக்கச் சொன்ன கோப்பு வட்டில் இல்லாமற் போகலாம். வட்டே நிறைந்திருக்கலாம். இவை உலகில் இயல்பாக நேரும் குறைகள். இவற்றைக் கெர்னல் எண்களால் தெரிவிக்கிறது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் கெர்னலில், கோப்பு இல்லையென்றால் 2, வட்டைப் படிப்பதிலோ எழுதுவதிலோ கோளாறு என்றால் 5, நினைவகம் போதவில்லை என்றால் 12, அனுமதி இல்லையென்றால் 13, வட்டில் இடமில்லை என்றால் 28. கெர்னலுக்குள் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்கு இவ்வெண்களைக் கழித்தற் குறியோடு திருப்பித் தருவது வழக்கம். விடை எதிர்ம எண்ணாக வந்தால் பிழை என்று கொள்ள வேண்டும்.

இம்முறை எளியது; ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. கேட்டவர் விடையைப் பார்க்க வேண்டும்! நினைவகத்தில் இடம் கேட்ட ஒரு பகுதி, கிடைத்ததா இல்லையா என்று பாராமலே அங்கு எழுதத் தொடங்கினால், சொல்லப்பட்ட பிழை கேட்கப்படாத பிழையாகிவிடுகிறது.

விடையைப் பார்த்த பிறகும் வேலை முடிவதில்லை. ஐந்து படிகள் கொண்ட ஒரு செயலில் நான்காம் படி தவறினால், முன்னர்ச் செய்த மூன்றையும் தலைகீழ் வரிசையில் அவிழ்க்க வேண்டும். லாரியில் கடைசியாக ஏற்றிய மூட்டையை முதலில் இறக்குவது போன்றது இது. பூட்டியதைத் திறக்காமலும், வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமலும் விட்டுவிட்டால் அது வேறொரு நாளில் வேறோர் இடத்தில் கோளாறாக முளைக்கும். கெர்னல் எழுதுவோரின் உழைப்பில் பெரும்பகுதி, நன்றாக நடக்கும் செயலுக்கன்று, நடவாமற் போகும் செயலுக்கே செலவாகிறது.

காவற்காரன் தடுமாறினால்

இதுவரை கண்டவை கெர்னல் பிறருக்காகக் கையாளும் பிழைகள். இனி, கெர்னலின் சொந்தப் பிழைக்கு வருவோம். கெர்னலின் ஓர் ஆணையே தவறான பக்கத்தைத் தொடுகிறது என்று கொள்ளுங்கள். செயலகம் வழக்கம்போல் நிறுத்திக் கெர்னலை அழைக்கிறது. ஆனால் குற்றவாளியும் நீதிபதியும் இப்போது ஒருவரே! முடித்துவிடுவதற்குத் தனி நிரலும் இல்லை. முறையிடுவதற்கு மேலதிகாரியும் இல்லை.

"ஓர் ஆணைதானே தவறியது, அதை விட்டுவிட்டு அடுத்ததைச் செய்தால் என்ன?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதில் உள்ள இடரைக் கவனியுங்கள். வட்டில் எந்தெந்த இடங்கள் காலியாக உள்ளன என்ற பட்டியல் கெர்னலின் நினைவகத்தில் இருக்கிறது. அப்பட்டியலில் ஓர் எண் சிதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கெர்னல் தொடர்ந்து இயங்கினால், காலி இடம் என்று எண்ணி ஒருவருடைய பழைய கணக்கின்மேல் புதிய கடிதத்தை எழுதிவிடும். அப்போது யாரும் அறியார். மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கைத் தேடும்போதுதான் தெரியவரும். அதற்குள் காப்புப் படிகளிலும் சிதைந்த கணக்கே ஏறியிருக்கும். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான். நின்றுபோன கணிப்பொறியால் ஒரு மணி நேரம் வீணாகலாம்; தவறாக ஓடும் கணிப்பொறியால் பல ஆண்டுகளின் பதிவுகள் அழியலாம்.

ஆகவே தொடக்க கால யூனிக்ஸ், கடுமையான பிழை நேர்ந்தால் நின்றுவிடுவதையே வழியாகக் கொண்டது. இதற்கு முந்திய மல்டிக்ஸ் என்னும் பெரிய இயக்க முறைமையை உருவாக்கியவர்களுள் டாம் வான் விளெக் என்பவர் ஒருவர். மல்டிக்ஸில் தாம் எழுதுவதில் பாதிக்கு மேல் பிழையிலிருந்து மீள்வதற்கான ஆணைகளே என்று அவர் யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம் சொன்னாராம். அவற்றையெல்லாம் தாங்கள் விட்டுவிட்டதாக ரிச்சி விடையளித்தார். பிழை நேர்ந்தால் 'பேனிக்' என்ற ஒரு பகுதியை அழைப்பார்கள், இயந்திரம் நின்றுவிடும், உடனே நடைகூடத்தில் இருப்பவரை நோக்கி, மறுபடி ஓட்டும்படி உரக்கக் குரல் கொடுப்பார்கள். அவ்வளவே! வான் விளெக்கே பதிவு செய்துள்ள இந்நிகழ்ச்சி நகைப்பூட்டுவது. ஆனால் அதனுள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

மூன்று படிகள்

காலப்போக்கில், எல்லாப் பிழைக்கும் முழு நிறுத்தமே மருந்து என்ற நிலை மாறியது. இன்றைய லினக்ஸ் கெர்னலில் உட்பிழைகள் மூன்று படிகளாகக் கையாளப்படுகின்றன.

முதற்படி எச்சரிக்கை. 'இது நடந்திருக்கக் கூடாதே' என்ற ஒன்றைக் கண்டால் கெர்னல் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வேலையைத் தொடர்கிறது.

இரண்டாம் படிக்கு 'ஊப்ஸ்' என்று பெயர். கால் இடறினால் ஆங்கிலேயர் எழுப்பும் ஒலி அது. தவறான ஆணை எந்த நிரலின் பொருட்டு நடந்துகொண்டிருந்ததோ, அந்த நிரலைக் கெர்னல் பலியிட்டுவிட்டுத் தான் பிழைத்திருக்க முயல்கிறது. முழு வெற்றி என்று இதனைச் சொல்ல இயலாது. பலியான நிரல், கெர்னலுக்குள் ஏதேனும் ஒரு பூட்டைப் பூட்டியிருந்தால், அதைத் திறக்க இனி ஆளில்லை. அப்பூட்டுக்காகக் காத்திருப்பவை என்றென்றும் காத்திருக்கும். எனவே ஊப்ஸ் நேர்ந்த கெர்னல் தன்மீது தானே ஒரு 'கறை'யைக் குறித்துக்கொள்கிறது. அதன்பின் அது தரும் எந்த அறிக்கையிலும் அக்கறை காணப்படும். 'நான் முன்பே ஒருமுறை இடறியவன். இனி நான் சொல்வதை ஆராய்ந்தே நம்புங்கள்' என்பது பொருள்.

மூன்றாம் படி பேனிக், முழு நிறுத்தம். எந்த நிரலின் பொருட்டும் அல்லாமல், கருவிகளின் அவசர அழைப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது பிழை நேர்ந்தால் பலியிட யாரும் இல்லை. நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பணப் பட்டுவாடா போன்ற பணிகளுக்கான கணிப்பொறிகளில், ஊப்ஸ் நேர்ந்தாலே நின்றுவிடும்படியும் நிர்வாகிகள் அமைத்துக்கொள்ளலாம். லினக்ஸின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னல் எழுதுவோர் எடுத்ததற்கெல்லாம் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது என்று பலமுறை கண்டித்திருக்கிறார். அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, இயந்திரம் செத்துவிட்டால் பிழையைப் பற்றிய செய்தியும் அதனுடன் செத்துவிடும் என்பதாகும்.

மரண வாக்குமூலம்

பிழையைப் பற்றிய அந்தச் செய்தியில் என்னென்ன இருக்கும்? பிழை நேர்ந்த கணத்தில் எந்த முகவரியிலுள்ள ஆணை இயங்கியது, செயலகத்தின் பதிவிகளில் என்னென்ன எண்கள் இருந்தன, எது எதனை அழைத்து இந்த இடத்திற்கு வந்து சேர்ந்தது என்ற அழைப்புத் தொடர் ஆகியவை இருக்கும். அழைப்புத் தொடரே மிக இன்றியமையாதது. இறந்தவர் எங்கே விழுந்து கிடந்தார் என்பதோடு, எவ்வழியே அங்கு வந்தார் என்பதையும் அது காட்டும்.

இச்செய்திகளைக் கெர்னல் நினைவகத்தில் ஒரு வட்டக் குறிப்பேட்டில் எழுதுகிறது. ஏடு நிரம்பினால் பழைய வரிகளின்மேல் புதியவை எழுதப்படும். ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை ஒரு தரம் உண்டு. 0 என்றால் இயந்திரமே பயன்படாத நிலை. 7 என்றால் ஆராய்வோருக்கான சிறு குறிப்பு.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நினைவகம், மின்சாரம் போனால் அழிந்துவிடும். ஏட்டை வட்டில் எழுத வேண்டும் என்றால், அந்த வட்டை எழுதும் பகுதியும் பிழைபட்ட கெர்னலின் ஓர் உறுப்பே அன்றோ? சிதைந்த கெர்னலை வட்டில் எழுதச் சொல்வது, நினைவு தடுமாறியவரிடம் உயில் எழுதச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இதற்கு லினக்ஸில் கண்ட தீர்வு நயமானது. கணிப்பொறி நலமாக இருக்கும்போதே நினைவகத்தின் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கு இரண்டாவதாக ஒரு சிறு கெர்னலைத் தூங்க வைத்துவிடுகிறார்கள். முதற் கெர்னல் விழும்போது அது செய்ய வேண்டியது ஒன்றே. தாவி அந்த இரண்டாவதை எழுப்புவது. புதிதாக எழுந்த கெர்னல், இறந்ததன் நினைவகத்தை அப்படியே படியெடுத்து வட்டில் சேமிக்கிறது. 'கேடம்ப்' எனப்படும் இம்முறை 2005ஆம் ஆண்டில் லினக்ஸில் இடம்பெற்றது. இதனை விளக்கிய ஆய்வுரையை எழுதிய மூவரில் இருவர், ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய விவேக் கோயலும் ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தாவும் ஆவர். எரிக் பீடர்மேன் மூன்றாமவர்.

வீட்டுக் கணிப்பொறிக்கு வேறொரு வழி உண்டு. 2024ஆம் ஆண்டின் இறுதியில் வந்த லினக்ஸ் 6.12 பதிப்பில், சாகும் கெர்னல் தன் இறுதிக் குறிப்பைக் கியூ.ஆர். கட்டமாகத் திரையில் வரைந்து காட்டும் வசதி சேர்ந்தது. டீக்கடையில் பணம் செலுத்தப் படம் பிடிக்கிறோமே, அதே கறுப்பு வெள்ளைக் கட்டந்தான். செல்பேசியால் படம் பிடித்தால் அழைப்புத் தொடர் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

இருபத்தோராவது கட்டம்

இனி, ஜூலை 19ஆம் நாள் நடந்ததற்குத் திரும்புவோம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரல், தீய நிரல்களை விழும் முன்னரே பிடிக்க வேண்டும் என்பதற்காக விண்டோஸ் கெர்னலுக்கு உள்ளேயே இயங்கியது. அதாவது மெயின் பலகைக்குள் பொருத்தப்பட்ட வெளியார் கருவி அது. புதிய வகைத் தாக்குதல்களை அடையாளம் காண அந்நிறுவனம் அவ்வப்போது சிறு கோப்புகளை அனுப்பும். அன்று காலை 9.39க்கு அவ்வாறு ஒரு கோப்பு வந்தது.

அக்கோப்பின் அமைப்பு 21 கட்டங்கள் உண்டு என்று வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதனைப் படிக்கும் நிரலுக்குத் தரப்பட்டவை 20 மதிப்புகளே. முன்னர் வந்த கோப்புகளில் 21ஆம் கட்டத்தில் 'எதுவாயினும் சரி' என்று குறித்திருந்ததால், அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் தேவையே எழவில்லை. குறை உறங்கிக் கிடந்தது. அன்று வந்த கோப்பில் முதன்முறையாக 21ஆம் கட்டத்திற்கும் ஒரு மதிப்பு கேட்கப்பட்டது. 20 பேர் அமர்ந்த பந்தியில் 21ஆம் இலையைத் தேடிச் சென்றது நிரல். அங்கே கண்ட ஏதோ ஓர் எண்ணை முகவரி என்று நம்பி, அம்முகவரியைத் தொட்டது. பக்கப் பிழை! அதுவும் கெர்னலுக்குள். விண்டோஸ் தன் விதிப்படி நின்றது.

இதில் விண்டோஸ் கெர்னல் நின்றதைக் குற்றம் சொல்வதற்கில்லை. தவறு உள்ளே நேர்ந்தபின் அது செய்யத்தக்கது அதுவே. பேரிடராக மாறியதற்குக் காரணம் அடுத்து நிகழ்ந்தது. கணிப்பொறி மீண்டும் தொடங்கியபோது, பாதுகாப்பு நிரலும் தொடக்கத்திலேயே எழுந்து, அதே கோப்பைப் படித்து, மறுபடியும் விழுந்தது. மீண்டும் தொடக்கம், மீண்டும் வீழ்ச்சி. 78 நிமிடங்களில், அதாவது 10.57க்கு, கிரவுட்ஸ்டிரைக் அக்கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆயினும் திருத்தத்தை இணையத்தின் வழியே பெறும் அளவுக்கு எழுந்து நிற்க முடியாத கணிப்பொறிகளுக்கு அதனால் பயனில்லை. ஓர் ஊழியர் ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் அமர்ந்து, பாதுகாப்பு நிலையில் அதனைத் தொடங்கி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று. வட்டு பூட்டுக்குறியீடு செய்யப்பட்டிருந்தால் 48 இலக்கத் திறவு எண்ணையும் தேடித் தட்டச்சு செய்ய வேண்டும். நடைகூடத்தில் குரல் கொடுத்தால் ஓர் ஆள் வருவார் என்று ரிச்சி காலத்தில் நம்பலாம். 85 இலட்சம் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் யார் வருவது?

நிற்பதும் எழுவதும்

அம்பத்தூர் வழியே அரக்கோணம் செல்லும் இரயில் பாதையில் ஒரு பாடம் இருக்கிறது. சைகை விளக்கு பச்சையாக எரிய வேண்டுமானால், ரிலே என்னும் மின்காந்தத்தில் மின்னோட்டம் பாய்ந்து ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கம்பி அறுந்தாலோ, மின்சாரம் போனாலோ, தகடு தன் எடையாலேயே கீழே விழும், சைகை சிவப்பாகும். பழுது நேர்ந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அங்கே பூமியின் ஈர்ப்பு விசையே முடிவு செய்கிறது. நிற்பது பாதுகாப்பானது என்ற இடத்தில் இதைவிடச் சிறந்த முறை இல்லை.

ஆனால் நிற்க முடியாத இடங்களும் உண்டு. 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. ரேடார் ஒன்றிலிருந்து தேவையற்ற குறிப்புகள் வந்து குவிந்ததால், வேலைகளை ஏற்க இடம் போதவில்லை என்பது அதன் பொருள். நடுவானில் 'பேனிக்' என்று நின்றிருந்தால் விண்வெளி வீரர்களின் கதி என்ன? அக்கணிப்பொறியின் இயக்க முறைமை, கணப்பொழுதில் தன்னைத் தானே மீண்டும் தொடங்கி, இறங்குவதற்கு இன்றியமையாத வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, மற்றவற்றைக் கைவிட்டது. எண்ணைக் கண்ட தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தார் அதன் பொருளை முன்பே ஆராய்ந்து வைத்திருந்ததால், தொடரலாம் என்று சொல்ல முடிந்தது. நின்றதும் சரியே, எழுந்ததும் சரியே, சொன்னதும் சரியே.

ஜூலை 19க்குப் பின் செய்யப்பட்ட மாற்றங்கள் இவ்வழியிலேயே அமைந்தன. கட்டங்களை எண்ணிப் பார்த்தபின் படிக்கும் சோதனை சேர்க்கப்பட்டது. புதிய கோப்பை உலகம் முழுவதற்கும் ஒரே வேளையில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்க்கும் முறை வந்தது. தொடர்ந்து தொடங்க இயலாத கணிப்பொறி, மீட்பு நிலைக்குச் சென்று திருத்தத்தைத் தானே பெறும் வசதியை மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. வெளியாரின் நிரல்களைக் கெர்னலுக்கு வெளியே வைக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. இவ்வெண்ணம் புதிதன்று. கருவிகளை இயக்கும் பகுதிகளையும் தனித்தனி அறைகளில் வைத்து, ஒன்று விழுந்தால் அதை மட்டும் எழுப்பும் 'நுண்கெர்னல்' முறையை ஆண்ட்ரூ டேனன்பாமின் மினிக்ஸ் 3 போன்ற அமைப்புகள் முன்பே கையாண்டன. லினக்ஸில், வெளியார் தரும் சிறு நிரல்களைக் கெர்னலுக்குள் விடுமுன் வரிவரியாகச் சோதித்து, எல்லை தாண்டக்கூடியவற்றை வாசலிலேயே மறுக்கும் முறையும் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

உங்கள் கணிப்பொறி நீலத் திரையோ, 2025 முதல் புதிய விண்டோஸ் காட்டும் கறுப்புத் திரையோ காட்டி நின்றால், உடனே சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். அதிலுள்ள குறியீட்டைச் செல்பேசியால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்பதையும் தேதியோடு எழுதி வையுங்கள். "கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று சொன்னால் பழுது பார்ப்பவர் இருட்டில் தேட வேண்டும். குறியீட்டைச் சொன்னால் பாதி வழி கடந்தாயிற்று.

லினக்ஸ் பயன்படுத்துவோர் கெர்னலின் குறிப்பேட்டை எந்நேரமும் படித்துப் பார்க்கலாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இவ்வசதி உண்டு. இயந்திரம் நலமாக இருக்கும் நாளில் ஒருமுறை அதனைப் படித்து வையுங்கள். இயல்பான வரிகள் எவை என்று தெரிந்தவருக்கே இயல்பல்லாத வரி கண்ணில் படும்.

நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு இன்னொன்று. கோப்பைத் திறக்கும் ஆணையை எழுதியபின், அது திறந்ததா என்று பார்க்கும் வரியையும் எழுதுங்கள். பட்டியலின் 21ஆம் இடத்தைக் கேட்கும் முன், பட்டியலில் எத்தனை இடங்கள் என்று எண்ணுங்கள். தேர்வில் இதற்குத் தனி மதிப்பெண் கிடைக்காமற் போகலாம். ஆனால் சென்னை விமான நிலையத்தில் பேனாவால் சீட்டு எழுத வேண்டிய நிலை வந்தது, இத்தகைய ஒரு வரி விடுபட்டதனால்தான்.